வள்ளத்துக்குக் குங்கிலியம், இன்றைய படகுக்குப் பிசின்

மீமிசல் கரையில் படகைக் காணும் மாணவர், "ஓட்டையை எந்தப் பசையால் அடைப்பார்கள்?" என்று கேட்கலாம். விடை படகின் வரலாற்றில் இருக்கிறது.

பாக் நீரிணைக் கரையின் பழைய வள்ளங்கள் பலகைகளால் ஆனவை. மரம் நீரில் ஊறினால் விரியும்; வெயிலில் காய்ந்தால் சுருங்கும். கல்லாய் இறுகும் பசையைப் பலகைகளின் இடுக்கில் பூசினால் அது விரிசல் கண்டுவிடும். ஆகவே இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசினார்கள். இவ்வேலையே கலப்பற்று. 1292 வாக்கில் சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கடல்வழி வந்த மார்க்கோ போலோ, கீல் கிடைக்காத கப்பல்காரர்கள் சுண்ணாம்பு, நறுக்கிய சணல், மர எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்திடித்துப் பூசியதாக எழுதியுள்ளார்.

இருபதாம் நூற்றாண்டில் செயற்கைப் பிசின்கள் வந்தன. 1946-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அரால்டைட் என்னும் எபாக்சிப் பசையை அறிமுகப்படுத்தியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. பாலியெஸ்டர் பிசினில் நனைத்த கண்ணாடியிழையே இவற்றின் உடல்.

இவ்வுடல் மரம்போல் ஊறி விரிவதில்லை. எனவே கிழிசலை அடைக்க, இழைப்பாயுடன் இறுகும் பிசினே ஏற்றது. அசைவுள்ள பொருத்துகளுக்கு மட்டும் ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் அடைப்பான் வேண்டும்.

ஆனால் உப்பும் ஈரமும் எண்ணெயும் படிந்த பரப்பில் பிசின் பரவிப் பற்றாது. கரையில் ஒட்டியதுபோல் தோன்றும். நடுக்கடலில் அலை மோதும்போது உரிந்துவிடும். அதனால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்த பிறகே பூச வேண்டும். அந்த ஒருநாள் காத்திருப்பை நம்பித்தான் படகிலுள்ளோர் உயிர் இருக்கிறது.