மொட்டைச் சுவர்களின் ஊர்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் பிலடெல்பியாவில் ஒருகாலத்தில் செய்யாத பொருளே இல்லை. ரயில் எஞ்சின், கப்பல், கம்பளம், ஸ்டெட்சன் தொப்பி என எல்லாம் அங்கிருந்து வெளியூர்களுக்குப் போயின. உலகத்தின் பட்டறை என்றே அந்த ஊருக்குப் பெயர். ஆலைத் தொழிலாளிகள் குடியிருக்கத் தெருத்தெருவாக வரிசை வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டின் பக்கச்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வசதி இருந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1950ல் 20.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1990ல் 15.9 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆளில்லாத வீடுகள் பாழடைந்து இடிபட்டன. வரிசையில் ஒரு வீடு போனால் அங்கே குப்பைமேடு ஒன்று மிஞ்சும். பக்கத்து வீட்டின் பொதுச்சுவர் ஜன்னல்கூட இல்லாமல், இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு மொட்டையாகத் தெருவைப் பார்த்து நிற்கும்.

அப்படி நின்ற சுவர்களில் இன்று வரை 4,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பேருந்துகள் போகின்றன. ஆனால் இது தொடங்கியது கலை வளர்ப்பதற்காக அல்ல. சுவரில் கிறுக்கும் பையன்களை அடக்குவதற்காக.

தன் பெயரைச் சுவர்தோறும் எழுதிவைக்கும் நவீன கிராஃபிட்டி பிறந்த ஊர் பிலடெல்பியா என்பார்கள். 1960களின் நடுவில் டேரில் மெக்ரே என்ற கறுப்பினச் சிறுவன் ‘கார்ன்பிரெட்’ என்று ஊரெங்கும் எழுதினான். சீர்திருத்தப் பள்ளியில் இருந்தபோது சோள ரொட்டி கேட்டுச் சமையல்காரரை நச்சரித்ததால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. அவன் இறந்துவிட்டதாக ஒரு தவறான செய்தி வந்தபோது, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட மிருகக்காட்சி சாலைக்குள் புகுந்து ஒரு யானையின் மேலேயே பெயரை எழுதியதாகப் பின்னாளில் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவரைப் பின்பற்றியவர்கள் பெருகினார்கள். பேருந்து, ரயில், கடைக் கதவு, பள்ளிச் சுவர் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

1984 ஜனவரியில் வில்சன் குட் மேயரானார். அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர் அவர். கிராஃபிட்டியை ஒழிப்பதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தி, அதை டிம் ஸ்பென்சர் என்பவரிடம் ஒப்படைத்தார். இனிமேல் எழுதமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வழக்கு கிடையாது. பதிலுக்கு, எழுதிய சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை அன்றே முடிந்திருக்கும். பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு வரையும் ஆசை இருக்கிறது என்பதை அந்த அமைப்பு கண்டுகொண்டது. அவர்களுக்கு வரையக் கற்றுத்தர ஜேன் கோல்டன் என்ற இளம் ஓவியரை வேலைக்கு எடுத்தது.

கோல்டன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓவியமும் அரசியல் அறிவியலும் படித்தவர். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் சுவரோவியங்கள் செய்துகொண்டிருந்தவர், லூபஸ் நோய் கண்டதால் கிழக்குக் கரையில் இருந்த சொந்த ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தார். அவரிடம் வந்து சேர்ந்த பையன்கள் முறையாகப் படித்தவர்கள் அல்ல. ஆனால் எழுத்தின் வளைவு, நிறத்தின் அடர்த்தி, எந்த மேற்பரப்பில் எந்த பெயின்ட் நிற்கும் என்பதையெல்லாம் தெருவிலேயே கற்றிருந்தார்கள்.

அடுத்த ஆண்டே அந்த நகரம் தன் வரலாற்றின் மிகக் கொடிய நாட்களில் ஒன்றைக் கண்டது. 1985 மே 13 அன்று, ‘மூவ்’ என்ற கறுப்பின அமைப்பினர் தங்கியிருந்த வீட்டின் மேல் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு வீசியது. 5 குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். தீ பரவ விடப்பட்டு 61 வீடுகள் எரிந்தன. அதே மேயர், அதே நிர்வாகம். பிலடெல்பியாவின் சுவரோவியங்களைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. நகராட்சியிலிருந்து வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைபவரை அந்தத் தெரு எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்பது இதிலிருந்துதான் விளங்கும்.

முதல் சில ஆண்டுகளில் மக்கள் விரும்பிக் கேட்டவை பெரும்பாலும் இயற்கைக் காட்சிகள். மலை, ஓடை, மரம், வானம். கலை விமர்சகர்களுக்கு அவை பெரிதாகப் படாமல் இருக்கலாம். மரமே இல்லாத தெருவில், சன்னலைத் திறந்தால் இடிபாடும் பழைய டயரும் தெரியும் வீட்டில் இருப்பவர் ஓடையைக் கேட்டதில் குறை காண எதுவும் இல்லை. கேட்டதைத் தீட்டிக் கொடுத்த அந்த ஆண்டுகளில்தான் தெருக்களுக்கும் ஓவியர்களுக்கும் நடுவே நம்பிக்கை துளிர்விட்டது.

திருப்பம் 1990ல் வந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் ஓவியர் கென்ட் ட்விட்செல், ‘டாக்டர் ஜே’ என்று ஊரே கொண்டாடிய கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்கை ரிட்ஜ் அவென்யூவில் மூன்று மாடி உயரத்துக்குத் தீட்டினார். விளையாட்டுச் சீருடையில் பந்தோடு பாயும் எர்விங்கைத்தான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். ட்விட்செல் அவரைக் கோட்டும் பேன்ட்டுமாக, அமைதியாக நிற்கும் மனிதராக நிறுத்தினார். அந்த ஓவியம் சுவரில் நேரடியாகத் தீட்டப்பட்டதல்ல. துணியில் தீட்டி ஒட்டப்பட்டது. பின்னாளில் நகரம் அந்த முறையைத் தன் சொந்த முறையாகவே ஆக்கிக்கொண்டது.

பாராசூட் துணி என்று பேச்சில் சொல்கிறார்கள். உண்மையில் அது நெய்யாத, மெல்லிய பாலியெஸ்டர். ஏறக்குறைய ஐந்தடிக்கு ஐந்தடி சதுரங்களாக அதை வெட்டுவார்கள். ஓவியர் தயாரித்த படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் கோடுகளை இழுத்து, ஒவ்வொரு திட்டுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். அதே எண் போட்ட டப்பாக்களில் நிறங்கள் கலந்து வைக்கப்பட்டிருக்கும். அப்புறம் துணித் துண்டுகள் ஊருக்குள் போகும். பள்ளிக்கூடம், தேவாலயத்தின் நிலவறைக் கூடம், முதியோர் இல்லம் என எங்கே மேசை போட முடியுமோ அங்கெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து தீட்டுவார்கள். மார்கழியில் பெரியவர் இழுத்த கோலத்துக்குள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வண்ணம் நிரப்புவது போலத்தான். பிறகு ஓவியர் திருத்த வேண்டியதைத் திருத்துவார். சுவரில் காரை உதிர்ந்த இடங்களைப் பூசி, சாரம் கட்டி, அக்ரிலிக் பசை தடவித் துண்டுகளை ஒட்டுவார்கள். காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தித் தேய்ப்பார்கள். கடைசியில் நிறமற்ற பூச்சு ஒன்று. கிட்டே போய்ப் பார்த்தாலும் இணைப்பு தெரியாது.

இதனால் என்ன ஆயிற்று என்றால், சாரத்தில் ஏற முடியாதவர்களும் சுவரோவியம் செய்ய முடிந்தது. எண்பது வயதுப் பாட்டி, சக்கர நாற்காலியில் இருப்பவர், எட்டு வயதுக் குழந்தை, சிறைக்கைதி. பிலடெல்பியா சாதித்தவற்றுள் இதுதான் பெரிது. நாலாயிரம் என்ற எண்ணிக்கையைவிட இதைத்தான் மற்ற நகரங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

1996ல் ஸ்பென்சர் காலமானார். கிராஃபிட்டி ஒழிப்பு அமைப்பு கலைக்கப்பட்டு, அதன் ஓவியப் பிரிவு ‘மியூரல் ஆர்ட்ஸ்’ என்ற பெயரில் நகராட்சியின் பொழுதுபோக்குத் துறைக்குள் வந்தது. தலைமை கோல்டனுக்கு.

அதற்குப் பின் வந்த முதல் பெரிய சோதனை கிரேஸ் ஃபெரி. கறுப்பர்களும் ஐரிஷ் வழி வெள்ளையர்களும் அருகருகே வாழ்ந்து, நெடுங்காலமாக உரசிக்கொண்டிருந்த பகுதி அது. 1997ல் ஒரு கறுப்பினக் குடும்பம் தாக்கப்பட்டது. சில வாரங்களில் ஒரு வெள்ளையினச் சிறுவன் கொலையானான். ஊர்வலமும் எதிர் ஊர்வலமுமாகப் பகுதியே கொதித்தது. இந்த நிலையில் அங்கே சுவரோவியம் வரையலாம் என்று கோல்டன் கூட்டம் கூட்டியபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை. அது நியாயமும்கூட, வேலையும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் பெயின்ட் என்ன செய்துவிடும்? ஆனாலும் கூட்டங்கள் தொடர்ந்தன. கடைசியில் கைகள் என்று முடிவாயிற்று. அந்தத் தெருக்காரர்களின் கைகளையே புகைப்படம் எடுத்து, பல நிறக் கைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருப்பதுபோல் 1998ல் கோல்டனும் பீட்டர் பகாஸ்ட்டும் தீட்டினார்கள். ‘அமைதிச் சுவர்’ என்று பெயர். அதனால் பகை ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே அறையில் உட்கார மறுத்தவர்கள் ஒரு படத்துக்காகவாவது உட்கார்ந்தார்கள்.

நகராட்சியைச் சாராமல் இதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. வடக்கு பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் அவென்யூவில் ஆப்பிரிக்க நடனம் கற்பித்து வந்த ஆர்தர் ஹால், தன் கட்டடத்துக்குப் பக்கத்தில் பாழாய்க் கிடந்த மனையில் ஒரு பூங்கா அமைத்துத் தருமாறு 1986ல் லிலி யே என்ற பேராசிரியரைக் கேட்டார். சீனாவில் பிறந்து தைவானில் வளர்ந்த ஓவியர் லிலி யே. கையில் இருந்தது ஒரு சிறு மானியம். அந்த வட்டாரத்தில் அவருக்கு யாரையும் தெரியாது. குப்பை அள்ளி முடித்ததும் மனையின் நடுவில் நின்று, ஒரு குச்சியால் தரையில் பெரிய வட்டம் ஒன்றைக் கீறினார். எங்கே தொடங்குவது என்று தெரியாததால் நடுவிலிருந்து தொடங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். முதலில் உதவிக்கு வந்தவர்கள் சிறுவர்கள். அவர்களைத் தொடர்ந்து பெரியவர்களும் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ‘பிக் மேன்’ என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் மேக்ஸ்டன். ஆறடிக்கு மேல் உயரம். போதைப் பழக்கத்தில் பல ஆண்டுகளை இழந்தவர். லிலி யே அவருக்கு மொசைக் வேலை கற்றுக்கொடுத்தார். உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கி, அளவு பார்த்துக் கொத்தி, சிமென்ட் கலவையில் ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை. அவசரப்பட்டால் வராது, நாள் முழுக்க ஒரே இடத்தில் குனிந்திருக்க வேண்டும். அந்த வேலை மேக்ஸ்டனுக்குப் பிடித்துப்போயிற்று. எத்தியோப்பியப் படிமங்களின் சாயலில் சிறகு விரித்த தேவதைகளை ஒரு சந்தின் சுவர் நெடுகப் பதித்து முடித்தார். பிறகு அவரே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு மனையில் தொடங்கியது, லிலி யே 2004ல் விடைபெறும்போது நூற்றுக்கும் மேற்பட்ட மனைகளுக்குப் பரவியிருந்தது.

மியூரல் ஆர்ட்ஸ் பிற்பாடு நகரின் மனநலத் துறையோடு கைகோத்து, மனநோயோடும் போதையோடும் போராடுபவர்களை ஓவிய வேலையில் சேர்த்தது. யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியினர் அதை ஆராய்ந்தார்கள். புதிய ஓவியம் வந்த இடத்துக்கு அருகில் வாழ்பவர்களிடம், ஒருவருக்கொருவர் துணை நிற்போம் என்ற நம்பிக்கை கூடியிருந்ததாக அவர்களின் ஆய்வு சொல்கிறது.

குறையே இல்லாத கதை அல்ல இது. நகரத்தில் மனை விலை ஏற ஏற, ஓவியங்களுக்கு முன்னால் இருந்த காலி மனைகளில் புதுக் குடியிருப்புகள் எழுகின்றன. ஓவியம் சுவருக்கும் சுவருக்கும் நடுவே மறைந்துபோகிறது. ஓவியத்தால் தெரு அழகாகி, அழகால் வாடகை ஏறி, தீட்டியவர்களே வெளியேற நேர்கிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஃபிராங்க் ரிஸோவின் ஓவியம் இன்னொரு பாடம். முதலில் போலீஸ் ஆணையராகவும் 1972 முதல் 1980 வரை மேயராகவும் இருந்தவர் ரிஸோ. இத்தாலியர் வாழும் தெற்கு பிலடெல்பியாவுக்கு அவர் நாயகன். கறுப்பின மக்களுக்கோ தடியடியின் முகம். 1995ல் இத்தாலியச் சந்தையில் அவர் முகம் பிரம்மாண்டமாகத் தீட்டப்பட்டது. யாரோ அதன் மேல் பெயின்டை வீசுவதும், பிறகு அதைச் சரிசெய்வதும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின்போது, இனி அந்த ஓவியத்தைப் பழுதுபார்க்க மாட்டோம் என்று மியூரல் ஆர்ட்ஸ் அறிவித்தது. 2020 ஜூன் 7 அன்று சுவர் வெள்ளையடிக்கப்பட்டது. ஒரு தெரு சம்மதித்தால் போதுமா, அந்தத் தெரு வழியாக நடந்துபோகிறவர்களின் சம்மதமும் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த ஓவியத்தை வரைந்த காலத்தில் யாரும் விடை தேடவில்லை. தேடியிருக்க வேண்டும்.

சம்மதம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை நகரத்துக்கு வெளியே இருந்த கிரேட்டர்ஃபோர்டு சிறை காட்டியது. கொலைக்குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவித்த பலர் அங்கே இருந்தார்கள். கைதிகளையும், குற்றங்களால் உறவுகளை இழந்தவர்களையும் சேர்த்து ஒரே ஓவியம் செய்வது என்று தொடங்கினார்கள். ஓவியர் சீசர் விவேரோஸ் பொறுப்பேற்றார். மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் சிறைக்குள் போய்க் கைதிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். படம் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் பேச்சு முறிந்தது. மனம் வருந்தித் திருந்திய தங்களைக் காட்ட வேண்டும் என்பது கைதிகளின் விருப்பம். போனவர்களின் இடம் என்ன ஆயிற்று என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஒரே படத்தில் இரண்டையும் அடக்க முடியவில்லை. ஒரே படம்தான் என்று யாரும் பிடிவாதம் பிடிக்காமல், இரண்டு சுவர்கள் என்று முடிவு செய்தார்கள். 2004ல் அதே ஜெர்மன்டவுன் அவென்யூவில் பாதிக்கப்பட்டோரின் பயணம் ஒரு சுவரிலும் கைதிகளின் பயணம் இன்னொரு சுவரிலும் ஏறின. இரண்டுக்குமான துணிகளை இரு தரப்பும் சேர்ந்தே தீட்டின.

கிரேட்டர்ஃபோர்டு கைதிகளின் ஓவிய வகுப்பு அதோடு நிற்கவில்லை. அவர்கள் தீட்டிய துணிகள் நகரத்தின் பல சுவர்களுக்குப் போயின. தண்டனை முடிந்து வெளியே வருபவர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஓவியம், மொசைக், தச்சு, சுவர் சீரமைப்பு எல்லாம் கற்பிக்கும் தொழிற்பயிற்சி ஒன்றும் தொடங்கியது. 2018ல் அந்தப் பழைய சிறை மூடப்பட்டுக் கைதிகள் பக்கத்திலேயே கட்டிய ஃபீனிக்ஸ் என்ற புதிய சிறைக்கு மாற்றப்பட்டார்கள். ஓவிய வகுப்பும் அங்கே இடம் மாறியது.