மணலும் சேறும்: வடசென்னைக் கரையில் அடித்தளத்தின் வரலாறு

இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரையின் மண் கடலும் ஆறும் கொண்டுவந்து கொட்டியது. மேலே மணல், அதற்குக் கீழே இடத்துக்கு இடம் கனம் மாறும் களிமண், வண்டல், கிளிஞ்சல் கலந்த சேறு. எண்ணூர்க் கழிமுகத்தை நெருங்க நெருங்கச் சேறு கூடுகிறது. எங்கே தோண்டினாலும் சில அடியிலேயே தண்ணீர் ஊறும்.

மணலைக் கெட்ட மண் என்று சொல்லிவிட முடியாது. நெருங்கிப் படிந்து, பக்கவாட்டில் நழுவ வழியில்லாமல் இருந்தால் அது பெரும் பாரத்தைத் தாங்கும். தளர்ந்து கிடக்கும்போதுதான் தொல்லை: அதிர்ந்தால் அமுங்கும், நீரோட்டம் பட்டால் அரிபட்டு ஓடும். களிமண்ணின் குறை வேறு. பாரம் ஏறியதும் அதற்குள் இருக்கும் நீர் கசிந்து வெளியேற வேண்டும். அந்தக் கசிவு மிக மெதுவானது என்பதால் மேலே நிற்கும் கட்டடம் ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கரையில் கட்டியவர்கள் அனைவரும் இந்த இரண்டில் ஒன்றோடு போராடியவர்களே.

சிறிய வீட்டுக்கு, வானம் பறித்து, அடியில் மணல் பரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக் கடைக்கால் போடும் வழக்கமே போதுமானதாக இருந்தது. நீரும் இடியும் சேர்ந்து மணலை இறுக்குகின்றன என்பது கொத்தனாருக்கு அனுபவத்தில் தெரியும். பெரிய பாரத்துக்கு வேறு வழி வேண்டியிருந்தது. அதைத் தந்தது கிணறு வெட்டும் தொழில். தளர்ந்த மணலில் வெறுமனே குழி தோண்டினால் பக்கம் சரியும். ஆகவே உறையை மேலே வைத்து, உள்ளே மண்ணை அள்ள அள்ள அது தன் எடையிலேயே இறங்கும்படி செய்தார்கள். கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகள் இந்த அறிவின் வயதைக் காட்டுகின்றன. இதே முறையில் செங்கல் கிணற்றை இறக்கி, உள்ளே கல்லும் காரையும் நிரப்பி, மேலே சுவரோ தூணோ எழுப்பினால் அது கிணற்று அடித்தளம். 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் மேலணையை மணற்படுகையில் இத்தகைய கிணறுகளின் மீதுதான் நிறுத்தினார். ஆழம் காண முடியாத மணலில் கல்லைப் போட்டால் அது இறங்கி ஓரிடத்தில் நிலைகொள்ளும், பிறகு அதன் மேல் கட்டலாம் என்ற பாடத்தைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்து கற்றதாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் பொறியியல் இங்கே கொண்டுவந்ததைப் போலவே இங்கிருந்து எடுத்துச் சென்றதும் உண்டு. பாடநூல்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கிணறு இறக்க முடியாத இடம் அலை புரளும் கடல். மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. சரக்கும் பயணிகளும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். இந்த நிலையை மாற்ற 1861-இல் சுமார் 1,100 அடி நீளத்தில் இரும்புப் பாலத்துறை ஒன்று கடலுக்குள் கட்டி முடிக்கப்பட்டது. அதைத் தாங்கியவை திருகுத் தூண்கள். அயர்லாந்தின் அலெக்சாண்டர் மிட்செல் 1833-இல் காப்புரிமை பெற்ற அந்தத் தூணின் அடியில் அகன்ற திருகு இலை இருக்கும். முறுக்க முறுக்கத் தூண் மணலுக்குள் இறங்கும். இறங்கிய பின் அந்த அகன்ற இலையே பாரத்தைப் பரப்பித் தாங்கும். பாறை கிடைக்கும் வரை போக வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. தூண்கள் மணலில் நின்றன. ஆனால் புயலும், புயலில் வந்து மோதிய கப்பலும் பாலத்துறையைப் பிளந்தன.

அடுத்து வந்தது துறைமுகம். வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டப்படி, கடலில் கருங்கல்லைக் கொட்டி மேடாக்கி அதன் மேல் கான்கிரீட் பாளங்களை அடுக்கி இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1875-இல் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் 12 அன்று வீசிய புயல் சுவர்களின் பெரும்பகுதியைச் சரித்துவிட்டது. மீண்டும் கட்டி முடிக்க 1890கள் வரை ஆயிற்று.

புயலை விட நீடித்த விளைவு ஒன்று இருந்தது. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. குறுக்கே சுவர் நின்றதும் மணல் தெற்கே தேங்கியது. மெரினாக் கடற்கரை விரிந்தது. கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயில் தூர்ந்துகொண்டே போனதால் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் புது வாயில் திறக்க வேண்டியதாயிற்று. வடக்கே மணல் வரத்து நின்றது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. ஓரிடத்தில் மண்ணை நிலைநிறுத்திய வேலைக்கு விலை கொடுத்தவர்கள் வேறிடத்து மீனவர்கள். அடித்தளத்தின் வரலாற்றில் இந்தக் கணக்கையும் எழுதியாக வேண்டும்.

அதுவரை எல்லாம் அனுபவம். களிமண் ஏன் மெதுவாக இறங்குகிறது என்பதைக் கணக்கில் அடக்கியவர் கார்ல் டெர்சாகி; 1925-இல் அவருடைய மண் இயக்கவியல் நூல் வெளிவந்தது. நீர் வெளியேறும் பாதை பாதியானால் காலம் கால்பங்காகும் என்பது அந்தக் கணக்கின் பெரும் பயன். சேற்றுக்குள் நெருக்கமாகச் செங்குத்து வடிகால்களை இறக்கினால் நீர் பல மீட்டர் மேலே ஏற வேண்டாம். பக்கத்தில் உள்ள வடிகாலுக்குப் போனால் போதும். 1930களில் அமெரிக்காவில் மணல் வடிகால்கள் பயன்பட்டன. சுவீடனின் கெல்மன் அட்டைப் பட்டையை இறக்கிப் பார்த்தார். இன்று இறக்குவது சுமார் 10 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டை. மேலே மண்ணைக் குவித்துப் பாரம் ஏற்றி, இறக்கம் அடங்கிய பின் அந்த மண்ணை அகற்றிவிட்டுக் கட்டுகிறார்கள். பல ஆண்டு இறக்கம் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது.

1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. எண்ணூரில் அனல் மின்நிலையம், பிறகு 2001-இல் புதிய துறைமுகம் என்று பாரம் வடக்கே நகர்ந்தது. எண்ணெய்த் தொட்டி அகலமானது, அடித்தகடு வளைந்து கொடுக்கும். சீராக இறங்கினால் பொறுத்துக்கொள்ளும், ஒருபக்கம் சாய்ந்தால் பொறுக்காது. அதனால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன் படிப்படியாகத் தண்ணீர் நிரப்பி, விளிம்பு எங்கெங்கே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். அந்தத் தண்ணீரே மண்ணை இறுக்கும் பாரமாகவும் அமைகிறது.

இத்தகைய தொட்டிகளுக்கும் சரக்குத் தளங்களுக்கும் உகந்த இன்னொரு வழி கல்தூண். சேற்றில் துளையிட்டு, ஜல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி அதிர்த்து இறுக்கினால் அது பாரத்தையும் தாங்கும், நீருக்கு வடிகாலாகவும் இருக்கும். ஆனால் ஜல்லிக்குத் தனிப் பிடிப்பு இல்லை. சுற்றியுள்ள சேறு அணைத்துப் பிடித்தால்தான் தூண் தூணாக நிற்கும். சென்னை ஐஐடியின் அம்பிலியும் எஸ்.ஆர். காந்தியும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதனையில் காட்டியது: தூணின் மீது மட்டும் பாரம் ஏற்றினால் அது மேற்பகுதியில் உப்பி உடைகிறது, சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து அழுத்தினால் அப்படி உப்புவதில்லை. அதே நிறுவனத்தின் முருகேசனும் ராஜகோபாலும், மிக இளகிய சேற்றில் தூணைச் செயற்கை இழைத்துணி உறையால் சுற்றுவதை ஆராய்ந்தார்கள். கல்தூணுக்கு 2003-இலும் செங்குத்து வடிகாலுக்கு 2004-இலும் ஐ.எஸ். 15284 என்ற இந்தியத் தரநிலையின் இரு பகுதிகள் வந்தன.

மணலுக்கும் புதிய கவலை சேர்ந்தது. 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்கத் தரநிலை சென்னையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. நீர் கோத்த தளர்ந்த மணல் நிலநடுக்கத்தில் குலுங்கினால் குழம்பாகிவிடக்கூடும். எனவே இப்போது 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, அடிகளை எண்ணி, மணலின் நெருக்கத்தை அளந்த பிறகே இறுக்குவதா, துளைத்து ஆழத்துக்குப் போவதா என்று முடிவாகிறது. திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை 2021-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் மேம்பாலத் தூண்கள் இரண்டாம் வழியில், ஆழ்தூண்கள் மேல் நிற்கின்றன.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் 1984-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு வடக்கே அரிப்பு தொடர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறை வகுத்தபடி கரைக்குக் குறுக்கே வரிசையாகக் கல் தடுப்புகள் போடப்பட்டன. அவற்றுக்கு இடையே மணல் மறுபடி சேர்ந்தது. அந்த வரிசை முடியும் இடத்துக்கு வடக்கே உள்ள கரை, மணல் வரத்துக் குறைந்து, தனக்கான தடுப்பைக் கேட்டு நிற்கிறது.