பாசிப்பாட்டமும் மச்ச வினோதமும்: பெங்களூர் ஏரிகளின் மீனுரிமை குறித்து ஓர் ஆய்வு

நகர மக்கள் தூண்டிலிட்டுப் பொழுது போக்குவதற்கென்று நகராட்சிகள் பொது ஏரிகளை அமைக்கலாமா என்னும் வினா அண்மைக் காலத்தில் இந்திய நகரங்களில் எழுந்துள்ளது. சென்னைச் சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத் துறையின் பொறுப்பில் 2016இல் திறக்கப்பட்ட பசுமைப் பூங்காவில் படகுச் சவாரியோடு தூண்டில் மீன்பிடிப்பும் இடம்பெற்றது. செலவு, இடவசதி, பாதுகாப்பு ஆகியவற்றை வைத்தே இவ்வினா பெரும்பாலும் பேசப்படுகிறது. ஏரியில் வளரும் மீன் யாருக்கு உரியது என்பது அதற்கு முற்பட்ட வினாவாகும். ஏரிகளை வெட்டித் தன்னை வளர்த்துக்கொண்டு, பின்னர் அவற்றையே தூர்த்து விரிந்த பெங்களூரின் வரலாற்றை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூர் மேட்டு நிலத்தில் அமைந்த ஊர்; வற்றாத பேராறு எதுவும் அதன் அருகே ஓடவில்லை. எனவே மழைநீரைக் கரை கட்டித் தேக்குவதும், ஒன்றன் மிகுநீர் கால்வாய் வழியே அடுத்ததற்குச் செல்லுமாறு ஏரிகளைத் தொடராக அமைப்பதும் அங்குக் குடியேற்றத்தின் முதற்பணியாயின. இதற்குத் தமிழ்க் கல்வெட்டுகளே சான்று தருகின்றன. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் புறச்சுவரில் தமிழ், கிரந்த எழுத்துகளில் பொறிப்புகள் பல உள்ளன. அவற்றுள் பழமையானது கி.பி. 1247ஆம் ஆண்டினது. வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலம் ஒரு பொறிப்பில் குறிக்கப்படுகிறது. மற்றொன்றில் வரும் தாமரைக்கரை இன்றைய தாவரெகெரெயாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. நிலத்தை ஏரியைக் கொண்டே அடையாளப்படுத்தும் இவ்வழக்கு, ஏரியின்றி ஊர் இல்லை என்ற நிலையைக் காட்டுகிறது. நகரம் ஏரி கட்டலாமா என்று இன்று கேட்பது பெங்களூரைப் பொறுத்தவரை சற்றே விந்தையானதுதான்.

அவ்வேரிகளில் மீன் பெற்ற இடம் யாது? மருதத் திணைப் பாடல்களில் மீன் உழவுக்கு அயலான பொருளாகக் காட்டப்படவில்லை. ஐங்குறுநூற்றுப் பாண்மகள் மீனைக் கொடுத்துப் பயறும் நெல்லும் பெறுகிறாள். நீரும் வயலும் ஒன்றையொன்று ஊட்டும் வாழ்க்கையில் மீன் பண்டமாற்றுப் பொருளாக நின்றது. கல்வெட்டுக் காலத்தில் இவ்வுறவு வரிச்சொல்லாக உறைகிறது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தப்பட்ட குத்தகைத் தொகை பாசிப்பாட்டம் எனப்பட்டது. அவ்வருவாயை ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கிய செய்திகளும் கிடைக்கின்றன. வண்டல் படிந்து ஏரி ஆழம் குன்றும். அதனை அகற்ற ஆளும் பொருளும் வேண்டும். அதற்கான முதலை ஏரியின் மீனே ஈட்டித் தந்தது. ஏரியைக் காக்க வெளியிலிருந்து கொடையாளர் வரும்வரை காத்திராத நிதியமைப்பு இது. பாசிப்பாட்டத்தைப் பல வரிகளுள் ஒன்றாக மட்டும் எண்ணிப் பட்டியலில் சேர்த்துவிடும் போக்கு நம் ஆய்வுலகில் உண்டு. அவ்வருவாய் எதற்குச் செலவிடப்பட்டது என்பதே அச்சொல்லின் முழுப்பொருளைத் தரும்.

மீன்பிடிப்பை விளையாட்டாகக் கொள்வது மேலைநாட்டினர் கொணர்ந்த வழக்கம் என்று கருதுவது பொருந்தாது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல் அரசனின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக மச்ச வினோதத்தை விரித்துரைக்கிறது. மீன் வகைகள், அவற்றுக்கு இடும் இரைகள், தூண்டிலின் இயல்பு ஆகியன அதில் நுட்பமாகக் கூறப்படுகின்றன. எனினும் இது அரசனின் வினோதம். ஆக, தென்னாட்டில் மீனுக்கு இருவேறு மரபுகள் இருந்தன: ஒன்று நீர்நிலையைப் பேணும் வருவாய், மற்றொன்று உடையவனின் இன்பம். இன்றைய பொதுத் தூண்டில் ஏரி இரண்டாம் மரபைக் குடிமக்கள் அனைவர்க்கும் திறந்துவிடுவதாகத் தோன்றுகிறது. முதல் மரபின் இடத்தில் அது எதனை வைக்கிறது என்பதற்கு விடையில்லை.

இன்பத்துக்கும் பிழைப்புக்கும் இடையிலான இம்மோதலைச் சம்பங்கி ஏரியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அதன் நீரை நம்பித் தோட்டப்பயிர் செய்தோர் வன்னிகுல சத்திரியர். திகளர் என்று கன்னடத்தில் அழைக்கப்படும் இவர்களின் தமிழ்த்தொடர்பு பெயரிலேயே உள்ளது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வரத் தொடங்கியதும் ஊரின் நடுவிலிருந்த ஏரிகள் குடிநீர்த் தேவையிலிருந்து விலகின. தேவை குறைந்த ஏரி வெற்றிடமாகப் பார்க்கப்பட்டது. பயிருக்கு நீர் வேண்டும் என்றனர் தோட்டக்காரர். போலோ ஆடுவதற்கு உலர்ந்த நிலம் வேண்டும் என்றனர் ஆங்கிலேயர். ஆட்டமே வென்றது. அவ்விடத்தில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. அதன் அருகே எஞ்சியுள்ள சிறு குளத்துக்குக் கரகத் திருவிழாவின்போது அம்மரபினர் இன்றும் வருகின்றனர். தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சல்லகட்டா ஏரி கோல்ஃப் திடலாயிற்று. கோரமங்கலத்து ஏரியின் இடத்தில் 1997ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான குடியிருப்பு எழுந்தது. பொழுதுபோக்கின் பெயராலேயே ஏரிகள் பல அழிந்தன என்பது கருதத்தக்கது.

2002இல் தோற்றுவிக்கப்பட்ட ஏரி வளர்ச்சி ஆணையம் எப்பாள் உள்ளிட்ட சில ஏரிகளைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. படகுத்துறையும் உணவகமும் ஏரியைக் காப்பதற்குரிய பொருளை ஈட்டும் என்பது அதன் வாதம். மேற்போக்கில் இது பாசிப்பாட்டத்தை ஒத்ததே. ஆனால் பாசிப்பாட்டம் ஏரியின் விளைவிலிருந்து வந்தது. நீர் கெட்டால் அதுவும் நின்றுபோகும். உணவகத்துக்கு ஏரி ஒரு காட்சி மட்டுமே. நீர் ஓரளவு கெட்டாலும் அதன் வருவாய் உடனே நிற்பதில்லை. இக்குத்தகைகளை எதிர்த்து 2008இல் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது.

தூண்டில் ஏரி இவ்வகையில் உணவகத்தினும் மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மீன் வாழவேண்டுமாயின் நீர் வாழவேண்டும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதுதான் கழிவுநீர்க் கலப்பின் அளவு நகரத்தாருக்கு உறைத்தது. ஆயினும் மீன் இருப்பதே தூய்மைக்குச் சான்றாகிவிடாது. காற்றை நேரே உட்கொள்ளவல்ல ஆப்பிரிக்கக் கெளுத்தி சாக்கடையிலும் பெருகும். அதனை வளர்ப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருந்தும் ஏரிகளில் அது காணப்படுகிறது.

எனவே, ஏரிகளை இழந்த ஒரு நகரம் தூண்டிலுக்கென்று புதிதாக ஒரு பள்ளம் தோண்டி, சிமெண்டுக் கரையிட்டு, குஞ்சுகளை வாங்கி விடுவதை ஏற்பதற்கில்லை. கால்வாய்த் தொடர்பு அறுந்த அத்தகைய குளத்துக்கு நீர் லாரியில்தான் வரவேண்டும். எஞ்சியுள்ள பழைய ஏரி ஒன்றின் வரத்துக் கால்வாயை மீட்டு, அங்கு முன்பே மீன்பிடித்து வருவோரின் குத்தகையை வெட்டாமல், ஒரு பகுதிக் கரையை மட்டும் தூண்டிலுக்குத் திறப்பதாயின் அதனை ஏற்கலாம். அப்போதும் நுழைவுச் சீட்டுத் தொகை நகராட்சியின் பொதுக்கணக்கில் கலந்துவிடாமல் அதே ஏரியின் தூர்வாரும் கணக்கில் வரவு வைக்கப்படுகிறதா என்று கேட்கவேண்டும்.