நீலகிரி லில்லி: ஒரு மலைப்பூவை இனங்கண்ட வரலாறு

தென்னிந்திய மலைகளில் லில்லி என்று அழைக்கப்படும் செடிகள் பல இருப்பினும், தாவரவியலார் லிலியம் எனக் குறிக்கும் பேரினத்தைச் சேர்ந்து இம்மலைகளில் தானாகவே வளர்வது நீலகிரி லில்லி ஒன்றே. நீலகிரி, ஆனைமலை, பழனி ஆகிய மலைகளின் உயர்ந்த புல்வெளிகளிலும், சோலைகள் எனப்படும் குட்டை மரக்காடுகளின் ஓரங்களிலும், ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள அதன் வெண்ணிறக் குழல்பூக்கள் மழைக்காலத்தில் மலர்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 2,101 தாவரப் படங்களின் இறுதித் தொகுதியில் இச்செடிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அத்தொகுதிகளின் படங்களை வரைந்தவர்களுள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் தலையாயவர்கள். பெயர் சூட்டியவருக்குக் கிடைத்த அளவு புகழ் அவர்களை எட்டவில்லை. வைட் இதே செடியின் மற்றொரு வடிவத்தைத் தனி இனமாகக் கருதி வேறொரு பெயரும் இட்டார். பின்வந்தோர் அவ்விரண்டையும் ஒன்றாக்கினர்; சிலர் ஒருபடி மேலே சென்று, இமயமலையில் வளரும் வாலிச் லில்லியின் ஒரு வகையாகவே இதைக் கொண்டனர்.

பிற செடிகளும் லில்லி என்று அழைக்கப்படுவதற்குப் பூவின் தோற்றத்தை மட்டும் நம்புவதே பெரிதும் காரணம். உண்மையான லில்லியின் கிழங்கு, வெங்காயத்தைப் போல மெல்லிய தோலால் மூடப்படாமல், திறந்த செதில்கள் அடுக்கிய அமைப்புடையது. தண்டு முழுவதும் இலைகள் உண்டு. விதைகளாக முதிரும் சூல்களைத் தாங்கும் சூலகம் இதழ்களின் அடிக்கு மேலே, பூவுக்குள் இருக்கும். விஷமூங்கில் எனப்படும் கிரைனத்தில் பூத்தண்டு இலையற்றது, சூலகமும் இதழ்களுக்குக் கீழே அமைந்தது. ஆகவே பூ வெண்மையாயினும் அது லில்லி அன்று. சூலகம் மேலமைந்த செங்காந்தளோ நெடுங்காலம் லில்லிக் குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருந்து, பிற்கால ஆய்வுகளால் வேறு குடும்பத்துக்கு மாற்றப்பட்டது. இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருள்வதைக் கொண்டே அதை எளிதில் பிரித்தறியலாம். நீலகிரியின் ஈரநிலங்களில் பரவிய காலா லில்லி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சேம்புக் குடும்பச் செடி.

19ஆம் நூற்றாண்டு முதல் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ் மரங்கள் நடப்பட்டதால் இச்செடியின் வாழிடம் சுருங்கியது. ஆதலால் இதைக் காண்போர் கிழங்கைத் தோண்டிப் பார்க்கலாகாது. தண்டும் இலையும் சூலகமும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தால், இனங்காண அதுவே போதும்.