நியூயார்க் வாடகை நிலைப்படுத்தல்

நியூயார்க் வாடகை நிலைப்படுத்தல் என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அடுக்குமாடி வீடுகளின் வாடகை உயர்வுக்கு வரம்பு கட்டி, குடியிருப்போர் விரும்பும்வரை அதே வீட்டில் தொடர வழிசெய்யும் சட்ட ஏற்பாடு. நகரின் வாடகை வீடுகளில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 10 லட்சம் வீடுகள், இதன்கீழ் வருகின்றன.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், நகரின் வாடகைகள் உயராமல் நடுவண் அரசு தடுத்தது. 1950இல் இக்கட்டுப்பாடு மாநில அரசிடம் வந்தது. 1947 பிப்ரவரிக்குப் பின் எழுந்த கட்டடங்கள் அதில் அடங்கவில்லை. அவற்றிலும் வாடகை ஏறவே, 1969இல் நிலைப்படுத்தல் சட்டம் பிறந்தது. 1974இல் அது விரிவுபடுத்தப்பட்டது. பொதுவாக, 1974க்கு முன் கட்டப்பட்ட, 6 வீடுகளுக்குக் குறையாத கட்டடங்களுக்கு இது பொருந்தும். காலியாக உள்ள வாடகை வீடுகள் 5 விழுக்காட்டைத் தாண்டினால் சட்டத்தின் அடிப்படையான வீட்டு நெருக்கடி நீங்கியதாகிவிடும். 2023 கணக்கெடுப்பில் அவை 1.41 விழுக்காடே இருந்தன.

இயங்கும் முறை

மேயர் நியமிக்கும் 9 உறுப்பினர் வாரியம் ஆண்டுதோறும் உயர்வு விகிதத்தை முடிவுசெய்கிறது. அதில் வாடகைதாரர் சார்பில் 2 பேர், உரிமையாளர் சார்பில் 2 பேர், பொதுமக்கள் சார்பில் 5 பேர். 2015, 2016 ஆண்டுகளில் ஓராண்டு ஒப்பந்தங்களுக்கு உயர்வே இல்லை என வாரியம் அறிவித்தது.

பாதுகாப்புகள்

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை. அடுத்த ஆண்டு வீடு நிலைக்குமா என்ற அச்சம் இருக்கும்வரை, ஒழுகும் கூரையைப் பற்றியும் குளிர்காலத்தில் இயங்காத வெப்பமூட்டியைப் பற்றியும் வாய்திறக்க எவரும் தயங்குவர். இங்கே ஓராண்டா ஈராண்டா என்று தேர்ந்தெடுப்பவர் வாடகைதாரர். வாடகைதாரர் வேறு இடத்தில் நிலையாகக் குடியிருப்பது போன்ற, சட்டம் வகுத்த காரணங்களுக்காக மட்டுமே உரிமையாளர் மறுக்கலாம். வாடகைதாரர் இறந்தாலோ வெளியேறினாலோ, அவருடன் 2 ஆண்டுகள் வாழ்ந்த குடும்பத்தினர் வீட்டைத் தொடரலாம். முன்பணம் ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. 62 வயது நிரம்பிய, வருமானம் குறைந்த முதியோருக்கு வாடகை அப்படியே நிறுத்திவைக்கப்படும். உரிமையாளரின் இழப்பைச் சொத்துவரிச் சலுகை ஈடுசெய்யும்.

வாடகைதாரர் தம் வீட்டின் பழைய வாடகைப் பதிவை மாநில வீட்டுவசதித் துறையிடம் கேட்டுப் பெறலாம். வேண்டுமென்றே கூடுதலாக வாங்கிய உரிமையாளர் அதைப்போல் மூன்று மடங்கு தரவேண்டியிருக்கும்.

2019 திருத்தமும் விவாதமும்

1990களில் சட்டம் தளர்ந்தது. குறிப்பிட்ட வாடகையை எட்டிய வீடு காலியானால் கட்டுப்பாட்டிலிருந்து விலகிவிடும் என்ற விதி வந்தது. குடியிருப்பவரை எப்படியாவது கிளப்பிவிடும் ஆசையை அது தூண்டியது. 2019 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் அவ்விதியையும், ஆள் மாறும்போது கிடைத்த 20 விழுக்காடு உயர்வையும் நீக்கியது. பழுதுபார்க்கும் செலவை மீட்க முடியவில்லை என்று உரிமையாளர்கள் வாதிடுகின்றனர்; புதிய வீடுகள் போதிய அளவில் எழாமல் நெருக்கடி தீராது என்பது பொருளியலாளர் பலரின் கருத்து. வீடுகள் பெருக ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை இருக்கும் குடும்பங்கள் வேரோடு பெயராமல் காப்பதே இச்சட்டத்தின் பணி.