கிழட்டுத் தேயிலை

தேயிலை என்றால் புதிதாக இருக்கவேண்டும், டப்பாவைத் திறந்தவுடன் மணம் மூக்கைத் துளைக்கவேண்டும் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஹாங்காங்கில் பல வருஷங்கள் இருந்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், ஒரு நாள் பழுப்புக் காகிதத்தைப் பிரித்து, வட்டமாய், கறுப்பாய், கெட்டியாய் ஒன்றை மேஜைமேல் வைத்தார். எரு வரட்டி என்றே நினைத்தேன்!

"இதற்கு முப்பது வயசு, ஸார்!" என்றார் பெருமையாக.

அந்த வரட்டியின் பெயர் பூ-எர். சீனாவின் தென்மேற்குக் கோடியில், பர்மாவையும் லாவோஸையும் தொட்டுக்கொண்டிருக்கும் யுன்னான் மாகாணத்துச் சரக்கு. மலைகளிலிருந்து இறங்கிய தேயிலை கைமாறிய சந்தை ஊர் பூ-எர். ஊரின் பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொண்டது. இலை, அஸ்ஸாம் தேயிலையின் பெரிய இலை ஜாதிதான். கத்தரிக்காமல் விட்டால் மரமாகவே நிமிர்ந்து நிற்கும். அங்குள்ள சிங்மாய் மலையின் பழைய தேயிலைக் காடுகளை 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பறித்த இலையை வாட்டி, இரும்புச் சட்டியில் வறுத்து, உருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். வறுவல் அதிகமில்லாததால், இலை பிற்பாடும் மெள்ள மெள்ள மாறிக்கொண்டே இருக்கிறது. சூட்சுமம் அதில்தான். பிறகு ஆவி காட்டி, துணிப்பையிலிட்டு, கல்லை வைத்து அழுத்தினால் வில்லை தயார். இன்றைய வழக்கில் ஒரு வில்லை 357 கிராம். ஏழு வில்லைகளை மூங்கில் மடலில் சுற்றினால் ஒரு கட்டு. சுமார் இரண்டரைக் கிலோ.

இப்படி அழுத்தியது ருசிக்காக அல்ல. கோவேறு கழுதையின் முதுகுக்காக! திபெத்துக்குப் போகும் மலைப்பாதையில் மாதக்கணக்கான பிரயாணம். காய்கறி அரிதான அந்தப் பீடபூமியில், வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீர் இல்லாமல் நாள் நகராது. மழை நனைக்க, வெயில் உலர்த்த, வழியிலேயே இலை கறுத்தது என்பார்கள். இலைக்கு வயதாகவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஊர் தூரமாக இருந்தது, அவ்வளவுதான்.

1729-ல் யுங்செங் சக்கரவர்த்தியின் ஆட்சியில் பூ-எர் ஒரு மாவட்டமாயிற்று. பீஜிங் அரண்மனைக்குத் தேயிலை காணிக்கையாகப் போயிற்று. அந்த நூற்றாண்டிலேயே எழுந்த 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவலில், இரவில் செரிமானம் ஆகாமல் விழித்திருக்கும் கதாநாயகனுக்குப் பூ-எர் போட்டுக் கொடுக்கச் சொல்கிறாள் ஒரு மேற்பார்வைக்காரி. கதை எழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, அரண்மனைக் கணக்கைவிட இந்தச் சின்ன உபசாரம்தான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆனால் கிழட்டு ருசியைப் போற்றியவர்கள் ஹாங்காங் தேநீர்க் கடைகளின் சாமானிய ஜனங்கள். எண்ணெய்ப் பலகாரத்துக்கு இதமான, மலிவான பானம் அது. புது வில்லை கசக்கும், நாக்கைப் பிடிக்கும். ஆகவே கடைக்காரர்கள் ஈரக்காற்றுள்ள கிடங்குகளில் வருஷக்கணக்கில் அதைப் போட்டுவைத்தார்கள். யாருக்குத்தான் அவ்வளவு பொறுமை? 1973-ல் குன்மிங் தொழிற்சாலைக்காரர்கள் குறுக்குவழி கண்டார்கள். இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிவைத்தால், நுண்ணுயிர்கள் சூடேற்றிப் புளிக்கவைத்துச் சில வாரங்களில் கறுக்கச் செய்துவிடுகின்றன. குடித்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பள்ளிக்கூட நாடகத்தில் நரைமீசை ஒட்டிக்கொண்டு தாத்தாவாக வரும் பையனின் ஞாபகம் வந்தது.

பிறகு பணம் மோப்பம் பிடித்தது. தைவானில் 1995-ல் தெங் ஷிஹாய் எழுதிய புத்தகம் பழைய வில்லைகளுக்கு வம்சாவளி கொடுத்தது. குடிக்கிறவன் ஒதுங்கினான், வாங்கிப் பூட்டுகிறவன் வந்தான். போலி உறைகளும் வந்தன. ஏறிய விலை 2007-ல் குவாங்சோவின் ஃபாங்சுன் சந்தையில் மடமடவென்று சரிந்தது. தேயிலையைப் பங்குப் பத்திரமாக்கியவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

நண்பர் ஒரு மழுங்கின ஊசியால் வில்லையின் ஓரத்தை நெம்பினார். முதல் வெந்நீரைக் கொட்டிவிட்டார். இரண்டாவது, ரத்தச் சந்தன நிறத்தில் இறங்கியது. பழைய மரப்பெட்டி, துளி கற்பூரம், மழை விழுந்த மண் என்று வாசனை மாறி மாறி வந்தது. விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல் தொண்டையில் ஒரு தித்திப்பு.

"இன்னும் வைத்திருந்தால் விலை ஏறுமே, ஏன் உடைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கும் வயசாகிறதே, ஸார்!" என்று சொல்லிக்கொண்டே மறுபடி வெந்நீர் ஊற்றினார்.