புன்னகைக்குப் பின்னால் ஒரு சோர்வு: விமானப் பணியாளர்களின் நிலை

வளைகுடாவில் வேலை, உம்ரா பயணம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து வருதல் என்று விமானம் ஏறாத குடும்பம் இன்று நம்மிடையே குறைவு. வாசலில் வரவேற்று, உணவு பரிமாறும் விமானப் பணியாளர்களை நாம் உபசரிப்பவர்களாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர்களுடைய முதல் கடமை பயணிகளின் உயிரைக் காப்பதுதான்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த ஐவர் உயிரிழந்தனர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிருடன் வெளியேற்றப்பட்டனர். எட்டு வாசல்களில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்ததால், பணியாளர்கள் மெகாபோனிலும் உரத்த குரலிலும் வழிகாட்டினர். எந்த வாசலைத் திறப்பது, எதைத் திறக்கக் கூடாது என்பதைத் தெளிந்த மூளைதான் முடிவு செய்ய முடியும். அந்தத் தெளிவைத்தான் பணிச்சோர்வு பறிக்கிறது.

பணிச்சோர்வு என்றால் என்ன?

ஒருநாள் களைப்பு தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். பணிச்சோர்வு அப்படித் தீராது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைத் தனி நோயாக அல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்தது. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் இதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போன உணர்வு, வேலையின் மீது வெறுப்பும் விலகலும், செய்யும் வேலையில் திறன் குறைதல்.

விமானப் பணியில் ஏன் அதிகம்?

முதல் காரணம் தூக்கம். இரவில் பணி, பகலில் உறக்கம், அடுத்த வாரம் வேறு நேர மண்டலம் என்று மாறும்போது உடலின் இயல்பான கடிகாரம் குழம்புகிறது. இரண்டாவது, விமானத்தின் உட்புறம். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி வரையிலான உயரத்துக்குச் சமம். இது உதகையைவிடச் சற்று உயரம். காற்று மிக வறண்டது; இரைச்சலும் ஓய்வதில்லை. அதில் பல மணி நேரம் நின்றும் நடந்தும் வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது, வெளியே தெரியாதது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-ல் எழுதிய நூலில் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். திட்டு வாங்கினாலும் சிரிக்க வேண்டும். வீட்டில் துக்கம் இருந்தாலும் முகம் மலர வேண்டும். மனதில் இல்லாததை முகத்தில் காட்டிக்கொண்டே இருப்பதும் உழைப்புதான். அதற்கும் உடல் விலை கொடுக்கிறது.

பணித்திறனை எப்படி அளக்கிறார்கள்?

பின்லாந்தின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1980-களில் 'பணித்திறன் குறியீடு' ஒன்றை உருவாக்கியது. இப்போதைய திறன், உள்ள நோய்கள், ஓராண்டில் எடுத்த மருத்துவ விடுப்பு, இன்னும் இரண்டு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்பது உள்ளிட்ட ஏழு அம்சங்களுக்கு 7 முதல் 49 வரை மதிப்பெண். 27-க்குக் கீழே வந்தாலோ, 27 ஆக இருந்தாலோ நிலை மோசம். 44-ம் அதற்கு மேலும் மிகச் சிறப்பு. தொழிலாளி முழுவதுமாக முடங்கும் முன்பே எச்சரிப்பதுதான் இதன் பயன்.

தீர்வு எங்கே?

தியானம் செய், மனதைத் தேற்றிக்கொள் என்று பணியாளருக்கு மட்டும் உபதேசிப்பது போதாது. வேலை நேரமும் ஓய்வும் சட்டத்தால் காக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் பணியாளர்களுக்கு இரு பணிகளுக்கு இடையே 10 மணி நேரத் தொடர் ஓய்வு தர வேண்டும் என்று 2018-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்கு முன் 9 மணி நேரம்தான். அதையும் சில சூழல்களில் குறைக்க முடிந்தது. அந்தச் சட்டம் விதியாக வெளிவர 2022 அக்டோபர் ஆயிற்று. ஒரு மணி நேர ஓய்வுக்கு நான்கு ஆண்டு காத்திருப்பு!

இத்துறையில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் சம்பளத்தை மட்டும் விசாரிக்காமல் தூக்கத்தையும் விசாரிக்க வேண்டும். எப்போதும் எரிச்சல், யாரோடும் பேசாமை, விடுமுறையிலும் தீராத களைப்பு தென்பட்டால், 'சோம்பல்' என்று கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பயணிகளாகிய நமக்கும் பங்கு உண்டு. தாமதத்துக்குக் காரணம் அந்தப் பணியாளர் அல்ல. அவரிடம் குரலை உயர்த்தாமல் இருப்பதும், ஒரு நன்றி சொல்வதும் நமக்குச் செலவில்லாதவை. நெருக்கடி வந்தால் நம் பிள்ளைகளின் கையைப் பிடித்து வெளியே அனுப்பப் போவது அவர்தான் என்பதை நினைவில் வைப்போம்.